நிலத்துக்காரரை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற புரோக்கர்: ஒரு பழைய சர்வேயரின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். சவூதியில் வேலை பார்க்கிறீர்கள். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில், புதிதாகக் கட்டிய வீடு ஒன்றும் அதை ஒட்டி ஒரு காலி மனையும் விலைக்கு வருவதாக ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு லட்சம் டோக்கன் போட்டால்தான் பிடித்து வைக்க முடியும் என்கிறார். ஆள் நாணயமானவரா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோரத்தில் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறேன். புரோக்கர்கள் நூற்றுக்கணக்கான பேரோடு நிலத்தில் நின்றிருக்கிறேன். பேச்சை வைத்தோ காரை வைத்தோ நெற்றியில் திருநீறு, தலையில் தொப்பி வைத்தோ ஆளை எடை போட முடியாது, அதை விட்டுவிடுங்கள். நான் பார்த்த வரைக்கும் ஒரே ஒரு அடையாளம்தான் பொய்த்ததில்லை. நிலத்துக்காரரையும், மூலப்பத்திரத்தையும், எல்லைக் கல்லையும் நீங்கள் நேராகப் பார்ப்பதற்கு நல்ல புரோக்கர் அவசரப்படுவார். மற்றவர் அந்த மூன்றுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொள்வார், காரணம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்வார்.

எல்லைக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நான் பார்த்ததில் அதிகம் அழுத குடும்பங்கள் இதில்தான். சில வருடங்களுக்கு முன் மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் தன் 20 சென்ட் மனையை அளக்க மனு கொடுத்தார். நான் போனபோது அவர் ரோட்டோரத்தில், நல்ல மேட்டு நிலத்தில், வேலி போட்ட இடத்தில் நின்றுகொண்டு வாங்க வாங்க என்றார். புலப்படத்தை, அதாவது அந்த சர்வே நம்பரின் அளவு வரைபடத்தை, விரித்து அளந்துகொண்டே போனால் அவர் பத்திரத்தில் இருக்கிற சர்வே நம்பர் அங்கே இல்லை. ரோட்டிலிருந்து 400 மீட்டர் உள்ளே, மழை பெய்தால் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கிற, காய்ந்தால் உப்புப் பூக்கிற களர் நிலத்தில் போய் நின்றது. புரோக்கர் காட்டியது ஒன்று, எழுதிக் கொடுத்தது வேறொன்று. பத்திரத்தில் பொய் எதுவும் இல்லை, பட்டா சரி, ஈசி என்கிற வில்லங்கச் சான்று சரி, கையெழுத்துப் போட்டவரும் உண்மையான சொந்தக்காரர்தான். ஆனால் அந்த மனிதர் பார்த்த நிலத்தை அவர் வாங்கவே இல்லை. பதினைந்து வருடச் சம்பாத்தியம். அவர் மனைவி அந்த வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் எனக்கு மறக்கவில்லை.

இது நடக்காமல் இருக்க நீங்கள் சவூதியில் இருந்துகொண்டே செய்யக்கூடியது உண்டு. வீடியோவுக்குப் பதிலாகக் கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், உட்பிரிவு எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், டோக்கன் போட்ட பிறகு தருகிறேன் என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். சர்வே நம்பர் தெரிந்தால் நாம் நேராக ஓனரிடம் போய்விடுவோம், கமிஷன் போய்விடும் என்ற பயம் புரோக்கருக்கு இருப்பது நியாயம்தான். அந்தப் பயத்துக்கு மருந்து, கமிஷன் இவ்வளவு என்று நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்வது. அதற்குப் பிறகும் நம்பர் வராவிட்டால் பயம் கமிஷனைப் பற்றியது இல்லை. நம்பர் கைக்கு வந்ததும் தமிழக அரசின் இ-சேவைகள் தளத்தில் பட்டா, சிட்டா, புலப்படம், ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று சொல்கிற அ-பதிவேடு எல்லாம் நீங்களே எடுக்கலாம். பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். நிலத்தை அளக்க இணையத்திலேயே மனு போடும் வசதியும் வந்துவிட்டது. ஓனர் பெயரில் மனு போடச் சொல்லி, அரசு சர்வேயர் வந்து அளக்கும் நாளில் உங்கள் அண்ணனோ மாமாவோ நிலத்தில் நிற்கட்டும். சர்வேயர் வேண்டாம், கல்லெல்லாம் நட்டுத்தான் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னால், அந்தக் கல்லை யார், எப்போது நட்டார்கள் என்று கேளுங்கள். நேற்று நட்ட கல்லையும் நான் பார்த்திருக்கிறேன், அடியில் மண் ஈரமாக இருந்தது.

அடுத்து பட்டா. பட்டா இருக்கிறது என்ற ஒரு வார்த்தையிலேயே நம் ஆட்கள் பாதி அடங்கிவிடுகிறார்கள். நம் மாவட்டத்து நிலங்கள் பெரும்பாலும் பழைய ராமநாதபுரம் ஜமீன் நிலங்கள். 1948-ஆம் வருடச் சட்டத்தில் ஜமீன் ஒழிந்து, பிறகுதான் ரயத்துவாரிக்கு, அதாவது நிலத்துக்காரர் நேராக அரசுக்கு வரி கட்டுகிற முறைக்கு, வந்தது. அதனால் ஜமீன் காலத்து ஓலை, சமஸ்தானம் முத்திரை போட்ட பழைய காகிதம் இதையெல்லாம் லேமினேட் செய்து வைத்துக்கொண்டு ஆளை மயக்குகிறவர்கள் உண்டு. அந்தக் காகிதம் எவ்வளவு பழசாக இருந்தாலும் இன்றைய அ-பதிவேட்டில் அந்த நம்பருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். புறம்போக்கு, ஊருணி, கண்மாய், கோயில் நிலம், வக்ஃபு என்று எதுவும் இருந்தால் அதோடு விடுங்கள். 1980-களில் நடந்த யுடிஆர் என்கிற நிலப் பதிவேடு புதுப்பிப்பு வேலையில் தப்பும் தவறுமாகப் பட்டா ஏறின இடங்கள் நிறைய. அதனால் பட்டாவில் இருக்கிற பெயரும் மூலப்பத்திரத்திலிருந்து இறங்கி வருகிற பெயரும் ஒன்றாகப் பொருந்துகிறதா என்று ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள். வக்கீலை நீங்கள் தேட வேண்டும். "நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்காரு, சும்மா பார்த்துக் கொடுப்பாரு" என்று புரோக்கர் அழைத்துப் போகிற வக்கீல் யாருக்கு வேலை பார்ப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வில்லங்கச் சான்றிலும் ஒரு வேலை நடக்கும். கேட்டதும் பத்து, பதினைந்து வருடத்துக்கு மட்டும் போட்டு, வில்லங்கம் எதுவும் இல்லை, நில் ஈசி என்று கையில் கொடுப்பார்கள். அல்லது உட்பிரிவு பிரியும் முன்னால் இருந்த பழைய நம்பரை விட்டுவிட்டுப் புது நம்பருக்கு மட்டும் போடுவார்கள். 30 வருடமாவது, முடிந்தால் இணையத்தில் கிடைக்கிற வரைக்கும், பழைய நம்பரும் புது நம்பரும் சேர்த்துப் பாருங்கள். அப்படிப் பார்த்தும் ஈசியில் வராத விஷயங்கள் நம் கடலோரத்தில் அதிகம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் ஹிபா என்று வாய்மொழியாகவே மகளுக்குச் சொத்துக் கொடுத்து, கைமாற்றியும் விட்டிருப்பார்கள். அது சட்டப்படி செல்லும், பதிவு தேவையில்லை, ஆகவே ஈசியில் ஒரு வரி கூட இருக்காது. மற்ற சமூகங்களிலும் அக்கா தங்கைகளுக்குப் பங்கு இல்லை என்று அண்ணன்மார் நினைத்துக்கொண்டு விற்பது இன்னும் நடக்கிறது. கூட்டுப் பட்டாவில் ஐந்து பெயர் இருக்க, மூன்று பேர் மட்டும் கையெழுத்துப் போட வருகிறார்கள், மீதிப் பேர் சம்மதம்தான், வெளியூரில் இருக்கிறார்கள் என்று புரோக்கர் சொன்னால், அந்த இரண்டு பேரின் நம்பரை வாங்கி நீங்களே போன் போடுங்கள். ஒரு அழைப்பு போதும். அதைத் தடுக்கிறவரைப் பற்றி வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை. விற்றவருக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்கு அரசு பொறுப்பு ஏற்பதில்லை. "பதிவாகலேன்னா பணத்தைத் திருப்பித் தந்துர்றேன்" என்று புரோக்கர் வாக்குக் கொடுத்தால் அது பெரிய வாக்கே இல்லை.

இனி உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கடலுக்கு நடந்து போகிற தூரம் என்றீர்களே, அங்கேதான் எனக்கு நெஞ்சு பதறியது. 2011-ஆம் வருடக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல் தண்ணீர் எட்டுகிற கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரைக்கும் கட்டுப்பாட்டுப் பகுதி. கிராமப்புறமாக இருந்தால் அதில் முதல் 200 மீட்டரில் புதிய கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமப் பகுதிகளுக்கு இதை 50 மீட்டராகத் தளர்த்துகிறது. ஆனால் அந்த நெருக்கத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருக்க வேண்டும், கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடமும் அதற்கேற்ப ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். புரோக்கர் வாயால் "இப்ப 50 மீட்டர்தாங்க" என்று சொல்வதால் எல்லா ஊருக்கும் அது வந்துவிடாது. கடல் மட்டும் அல்ல, ஓதம் ஏறி இறங்குகிற கழிமுகம், உப்பங்கழி, காரங்காடு பக்கம் இருப்பது போன்ற அலையாத்திக் காடு, மணல்மேடு எல்லாவற்றுக்கும் இந்தக் கட்டுப்பாடு உண்டு.

இதில் புரோக்கர்கள் சொல்வது இரண்டே இரண்டு. ஒன்று, பட்டா நிலம்தானே, நம்ம நிலத்தில் நாம் கட்ட யார் கேட்பது என்பது. பட்டா உரிமையைச் சொல்கிறது, கட்டுவதற்கு அனுமதி தருவதில்லை. இரண்டாவது, பக்கத்தில் கையைக் காட்டி அங்கே பாருங்கள் வரிசையாக வீடு இருக்கிறது என்பது. அந்த வீடுகள் பல தலைமுறையாக அங்கே வாழ்கிற மீனவர்களுடையதாக இருக்கலாம். பாரம்பரியமாகக் கடலோரத்தில் வாழ்கிறவர்களின் குடியிருப்புக்கு அந்த விதிகளிலேயே தனி இடம் இருக்கிறது, வெளியிலிருந்து வாங்குகிற உங்களுக்கு அது பொருந்தாது. கொச்சிக்குப் பக்கத்தில் மரடு என்ற இடத்தில் இந்த விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வீடு வாங்கிக் குடியிருந்தவர்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஆகவே அந்தப் புது வீட்டுக்கு முதலில் கேட்க வேண்டியது கட்டட வரைபட அனுமதி, யார் கொடுத்தது, எந்தத் தேதியில், எந்த சர்வே நம்பருக்கு. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் காட்டினால் அவை அனுமதி ஆகாது. ஒரு வங்கியில் வீட்டுக்கடன் கேட்டுப் பார்ப்பதும் நல்ல வழி, கடன் தேவைப்படாவிட்டாலும். வங்கியின் வக்கீல் காகிதத்தைப் பார்ப்பார். புரோக்கர் "லோன் வேண்டாம் தம்பி, கையில காசு வச்சு வாங்குங்க, விலை குறைப்பேன்" என்று வற்புறுத்தினால் ஏன் என்று யோசியுங்கள்.

பக்கத்துக் காலி மனையைப் பற்றி. அது லே-அவுட் போட்டு விற்கிற மனையா, தனி நிலமா என்று நீங்கள் எழுதவில்லை. லே-அவுட் என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி, அதாவது எல்லோரும் சொல்கிற டிடிசிபி அப்ரூவல், வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற ஒரு சீல் வைத்த காகிதத்தை இந்தப் பக்கம் இன்னும் காட்டுகிறார்கள். ஊராட்சித் தலைவருக்குத் தானாக மனைப்பிரிவை அனுமதிக்கும் அதிகாரம் கிடையாது. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு அனுமதியில்லாத மனைகளைப் புதிதாக வீட்டுமனையாகப் பதிய முடியாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு வந்துவிட்டதால், சிலர் அதே மனையைச் சென்ட் கணக்கில் விவசாய நிலம் என்று எழுதிப் பதிகிறார்கள். பத்திரத்தில் எங்கேயும் மனை என்ற சொல்லே இருக்காது. பிளாட், அதாவது வீட்டுமனை என்று காட்டிவிட்டுப் பத்திரத்தில் புஞ்சை என்று எழுதினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். அனுமதி பெற்ற லே-அவுட்டாக இருந்தாலும் அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி உங்கள் பிளாட் நம்பரை அதில் தேடுங்கள். பூங்காவுக்கும் ரோட்டுக்கும் ஒதுக்கி ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த இடத்தையே பிளாட் போட்டு விற்ற கதை எனக்கு இரண்டு தெரியும்.

500 சதுர மீட்டருக்கு மேலான மனைப்பிரிவு, எட்டு வீட்டுக்கு மேலான அடுக்குமாடி என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு கட்டாயம். அதை விற்றுத் தருகிற ஏஜென்டும் தன் பெயரில் தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவில்லாத திட்டத்தை அவர் விற்கவே கூடாது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் வீதம், விற்ற சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் உண்டு. இங்கே ஒரு தந்திரம்: திட்டத்தின் ரெரா எண்ணைப் போஸ்டரில் போட்டுவிட்டு, இதுதான் என் லைசென்ஸ் என்று ஏஜென்ட் காட்டுவார். இரண்டும் வேறு. ஏஜென்டின் பெயரைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் தனியாகத் தேடுங்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். அதே சமயம், தனி வீட்டையோ பழைய மனையையோ விற்றுக் கொடுக்கிற ஊர்ப் புரோக்கருக்கு இந்தப் பதிவு இல்லை என்பதற்காக அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு இரு பக்கமும் உண்மை பேசி, வாழ்நாள் முழுக்க ஒரு வழக்கும் இல்லாமல் தரகு பார்த்த பெரியவர்களை ஏர்வாடியிலும் தேவிபட்டினத்திலும் எனக்குத் தெரியும். அவர்கள் முதல் நாளே ஓனர் வீட்டுத் திண்ணையில் நம்மை உட்கார வைத்துவிடுவார்கள்.

பண விஷயம். கமிஷன் இந்தப் பக்கம் வழக்கமாக ஒன்று, இரண்டு சதவீதம். அதைக் கேட்கிறவர் மேல் எனக்குச் சந்தேகம் வராது. "கமிஷனே வேணாம் தம்பி, உங்க அத்தாவோட பழகினவன் நான்" என்கிறவர்மேல்தான் வரும். அவர் ஓனரிடம் கைக்கு இவ்வளவு என்று ஒரு விலை பேசி வைத்திருப்பார், உங்களிடம் வேறு விலை சொல்வார், நடுவில் இருப்பது அவருக்கு. திருப்பாலைக்குடி பக்கம் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு வயதானவரிடம் கைநாட்டு வாங்கி, அடிமாட்டு விலைக்கு அக்ரிமெண்ட் போட்டு, பவர் பத்திரமும் எழுதிக்கொண்டு, அடுத்த மாதமே இரட்டை விலைக்கு விற்றதை நான் பார்த்தேன். அந்தப் பெரியவர் தன் நிலம் என்ன விலைக்குப் போனது என்பதை அளக்கப் போன என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார். வாங்குகிறவர் ஓனரை ஒரே ஒரு தடவை பார்த்து, உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டிருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்பார்கள்.

டோக்கனை புரோக்கரின் ஜிபே நம்பருக்கு அனுப்பாதீர்கள். ஓனரின் வங்கிக் கணக்குக்கு, சர்வே நம்பரும் மொத்த விலையும் எழுதிய ரசீதுக்கு எதிராக, எப்போது திரும்ப வரும் என்ற நிபந்தனையோடு. நிலம், வீடு விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. பாதி வெள்ளை, பாதி கறுப்பு என்று அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டால் நாளைக்குப் பிரச்சினை வரும்போது நீங்கள் கொடுத்த மீதிக்கு எந்தச் சாட்சியும் இல்லை. ரெரா திட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமென்றால் முதலில் அக்ரிமெண்டைப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

வெளிநாட்டில் இருப்பதால் உங்களிடம் இதைச் சொல்வார்கள்: "நீங்க வர வேணாம், என் பேருக்கு ஒரு பவர் அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." கூடவே கூடாது. உங்கள் மனைவிக்கோ கூடப் பிறந்தவருக்கோ, இந்த சர்வே நம்பரை இந்த விலைக்குள் வாங்க மட்டும் என்று வரையறுத்துத் தூதரகத்தில் சான்று வாங்கிக் கொடுங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். விற்கிற பக்கம் பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று நேரில் விசாரியுங்கள். கொடுத்தவர் இறந்தால் சாதாரணப் பவரும் அதோடு போய்விடும். பவர் பத்திரத்தையே கிரயம் போல வாங்கி வைத்துக்கொண்டால் சொத்து உங்களுக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் இந்த விமான நிலையப் பேச்சு. 2025 மாநில பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று அறிவித்தார்கள், அந்த ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தார்கள், பரமக்குடி–ராமநாதபுரம் நான்கு வழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு புரோக்கரும் தன் மனைக்குப் பக்கத்தில்தான் ஓடுதளம் வருகிறது என்கிறார். அப்படியே பக்கத்தில் வருவதாக இருந்தால் அந்த நிலமே அரசு கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கலாம், தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரு திட்டத்தின் பெயரைச் சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம் அந்த அறிவிப்பின் நகலைக் கேட்டால் பேச்சு மாறிவிடும், செய்து பாருங்கள்.

தண்ணீரையும் சொல்லாமல் விட முடியாது. கடலோரத்தில் ஒரு கிணறு நல்ல தண்ணீராகவும் ஐம்பதடி தள்ளி இன்னொன்று உப்பாகவும் இருக்கும். வீடியோவில் குழாயைத் திறந்து குடித்துக் காட்டுவது எதற்கும் சான்று இல்லை, தொட்டியில் லாரித் தண்ணீர் இருக்கலாம். மழைக்காலத்தில் எல்லாமே நல்ல தண்ணீர்தான். சித்திரை, வைகாசியில் அந்தக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் என்றால் நல்லது, 2000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. புது வீட்டில் கடல் மணல் கலந்து கட்டியிருக்கிறார்களா என்று ஒரு கொத்தனாரை விட்டுச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பு ஏறினால் உள்ளே கம்பி துருப்பிடித்து சிலாப் பெயர்ந்து விழும்.

ஏற்கெனவே பணம் கொடுத்து மாட்டியவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒன்று. ரெரா வரம்பில் வருகிற மனையோ வீடோ என்றால் ஆணையத்தில் படிவம் எம் மூலம் புகார் போடலாம். போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம் என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் நில மோசடிக்கென்று இருக்கிற பிரிவுக்குப் போங்கள். வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

தம்பி, இந்த வெள்ளிக்கிழமை பணம் போட வேண்டாம். இன்றைக்கு ராத்திரியே அந்தப் புரோக்கருக்கு மூன்று வரி எழுதுங்கள்: கிராமம், சர்வே நம்பர், உட்பிரிவு வேண்டும், ஓனரின் போன் நம்பர் வேண்டும், வீட்டின் வரைபட அனுமதி நகல் வேண்டும். என்ன பதில் வருகிறது என்று இங்கே சொல்லுங்கள். சர்வே நம்பர் கிடைத்தால் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.